புள்ளி வைக்கிற நேரம்

மெதுவாகத் திறக்கும் இணையதளத்தை வேகமாக்குவது எப்படி என்று கேட்டு அலுவலகக் குழுவில் எனக்கு ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவனிடம் கேள்வி கேட்டால் பதில் ஒரு வரியில் வராது. இப்படிக் கட்டுரையாகத்தான் வந்து விழும். கேட்டது உங்கள் தப்பு, அனுபவியுங்கள்.

எப்படிச் செய்வது என்பதை நான் சொல்லப்போவதில்லை. படத்தைச் சுருக்கு, தேவையில்லாததைக் கழற்று என்று எல்லா இடத்திலும் எழுதிக் கிடக்கிறது. இப்போது பாதி வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. எல்லாவற்றையும் புத்தகத்தில் உள்ளபடி செய்து, மதிப்பெண் பச்சை நிறத்தில் வந்து, அலுவலகமே சமோசா தின்று கொண்டாடிய பிறகு எப்படி மாட்டிக்கொண்டோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என்னைப் பார்த்திராதவர்களுக்காக ஓர் அறிமுகம். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அம்பத்தூரில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன். அச்சகம் கணினிக்கு மாறியது, முதலாளியின் கவனம் இணையத்துக்கு மாறியது, நானும் பின்னாலேயே இழுபட்டு இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தேன். சுற்றி எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள் என்பதால், எந்தத் தளம் எங்கே நின்றாலும் நான்தான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேன் என்று வியர்க்கும். இயல்பிலேயே நான் கவலைக்காரன். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் ஆவடி வரை போனவன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். மூடித்தான் இருந்தது. மறுபடி ஆவடிக்குக் கிளம்பியபோது, பார்க்க வந்த அவசரத்தில் கதவைப் பூட்டினேனா என்று அடுத்த சந்தேகம்.

இந்தத் தொழிலுக்கு இது ஒரு வகையில் வசதி. கை வைப்பதற்கு முன் தளத்துக்கு ஒரு நகல் எடுப்பேன். அந்த நகல் சரியாக இருக்கிறதா என்ற பயத்தில் இன்னொரு நகல். எங்கள் அலுவலகத்தில் எதுவும் தொலைந்ததில்லை. ஆனால் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கிற மணியை யார் மதிப்பார்கள்? நான் "ஏதோ சரியில்லை" என்று சொன்னால், "அண்ணனுக்குப் பசிக்குது போல" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

அலுவலகம் அப்போது அம்பத்தூரில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இருந்தது. எங்கள் பாஸ் மதுரைக்காரர், என்னைவிட ஏகத்துக்கு இளையவர், பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தச் சின்னக் கடையைத் திறந்தவர். எதைக் கேட்டாலும் "ரெண்டு நிமிச வேலண்ணே" என்பார். படங்களையும் பக்க அமைப்பையும் பார்த்துக்கொண்டது டெல்ஃபின். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிற பெண். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் மூட வேண்டும்.

மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வசந்தா மேடம் வந்தார். திருநெல்வேலிக்காரர். கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் பூந்தமல்லியில் அடுக்குமாடிக்குக் குடிவந்தவர். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அவர் ஒரு கோல வலைப்பூ நடத்திவந்தார். மார்கழியில் தினம் ஒரு கோலம், அத்தோடு ஊர் நினைவாக ஒரு கட்டுரை. நாங்கள்தான் அதைப் பராமரித்தோம்.

உட்கார்ந்ததும் போனை மேசைமேல் வைத்தார். திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாருங்க சேகர். நான் பஸ் ஏறும்போது தொறந்தது. இன்னும் சுத்துது. போன மார்கழில இதே கததான். தொறக்கல, தொறக்கலன்னு அத்தன பேரும் எழுதுதாவ. என் அண்ணன் மவன் சொல்லுதான், வலைப்பூவ மூடிட்டு வீடியோவாப் போடுங்க அத்தைன்னு."

"போடலாமே மேடம்," என்றார் பாஸ், வாடிக்கையாளரை வாசல்வரை வழியனுப்புகிற தொனியில்.

மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, நான் இருக்கது மூணாவது மாடி. கதவத் தொறந்தா எதுத்த வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு. கோலம் போட ஒரு சாண் தரை கெடையாது. மொட்ட மாடில வரஞ்சு வரஞ்சு போட்டோ எடுத்து இதுல போடுதேன். நாலு பேரு அவிய வாசல்ல அதப் போட்டுட்டு, போட்டேன்க்கான்னு எழுதுதாவ. இந்த ஊர்ல எனக்கு வாசல்னா இதான்." பிறகு போனை எடுத்துப் பைக்குள் போட்டார். "மார்கழி மொத வாரம் பாக்கேன். அதுக்குள்ள சரியாவலன்னா மூடிருதேன். சும்மா கெடந்து திட்டு வாங்க என்னால ஆவாது."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபப்படுகிற வாடிக்கையாளர் திரும்பி வருவார். அமைதியாகப் பேசுகிறவர் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

வேலையை ஆரம்பித்தோம். வேகத்தை அளக்கிற கருவி நூற்றுக்கு முப்பத்தொன்று கொடுத்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு பாசம். என் கணக்குப் பரீட்சைத் தாள்கள் எல்லாம் அந்த அக்கம்பக்கத்தில்தான் குடியிருந்தன.

மேடம் பக்கத்தில் உட்கார, ஒவ்வொன்றாகக் கழற்றினோம். முதலில், பக்கம் திறந்ததும் தானாகப் பாடுகிற பக்திப் பாட்டு.

"காலைல கேட்டா நல்லாருக்கும்லா?" என்றார்.

"பக்கத்துல தூங்குற வீட்டுக்காரர் எந்திரிச்சுடுவாரு மேடம்."

"எந்திரிக்கட்டும். பனில நிக்கணும்னு நமக்கு மட்டும் என்ன வேண்டுதலா?"

பாட்டு போயிற்று. அடுத்தது, திரையின் மேலிருந்து ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்த ரோஜா இதழ்கள். "இத்தப் பாத்தா கல்யாண வீடியோ மாறி கீது மேடம். எப்ப தாலி கட்டுவாங்கன்னு வெய்ட் பண்ணிகினு இருந்தேன்," என்றாள் டெல்ஃபின். மேடமே சிரித்துவிட்டார், இதழ்களும் போயின. வலது மூலையில் தோகை விரித்து மடக்கிக்கொண்டிருந்த மயிலிடம் வந்தபோது மட்டும் மேடம் கையை நீட்டித் தடுத்தார். அது அவர் கணவர் கல்யாண நாளுக்காகச் செய்து வைத்ததாம். "பொடவ வாங்கித் தர வேண்டியதுதான, மயிலு இன்னாத்துக்கு?" என்று டெல்ஃபின் என் காதில் முணுமுணுத்தாள். மயிலை எடுத்த செய்தியைக் கணவரிடம் யார் சொல்வது என்பதில் கொஞ்ச நேரம் போனது. மழைக்காலம் முடிந்தது, மயில் பறந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிப்பதாக மேடமே ஏற்றுக்கொண்டார்.

கடைசியாகப் படங்கள். ஒவ்வொரு கோலமும் போனில் எடுத்தபடி மலையளவு கனத்தில் இருந்தது. டெல்ஃபின் எல்லாவற்றையும் ஒரே அமுக்காக அமுக்கினாள். கருவியில் மறுபடி போட்டோம். பச்சை! தொண்ணூறைத் தொட்டால்தான் அந்த நிறம். பாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். தமிழ்நாட்டிலேயே வேகமான கோலம் என்று அறிவித்து, கீழேயிருந்து சமோசா வரவழைத்தார். நான் தின்றுகொண்டே, "எனக்கு என்னவோ சரியாப் படல," என்றேன். "சட்னி வேணுமாண்ணே?" என்றார் பாஸ்.

எது சரியில்லை என்று எனக்கே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி முதல் நாளுக்கென்று மேடம் கொடுத்திருந்த கோலத்தை அன்று நாங்கள் எல்லோருமே பெரிய திரையில் நன்றாகப் பார்த்தோம். அழகாக இருந்தது. ஒருவர்கூடப் புள்ளியை எண்ணவில்லை.

மார்கழி முதல் நாள், நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே போன் வந்தது.

"சேகர், புள்ளியெல்லாம் எங்க?"

"என்ன மேடம்?"

"சிக்குக் கோலம். சுத்திச் சுத்திக் கோடு வந்திருக்கு. நடுவுல புள்ளியக் காணும். எல்லாரும் வாசல்ல நின்னு என்னத் திட்டுதாவ."

திறந்து பார்த்தேன். பக்கம் மின்னல் மாதிரி வந்தது. கோலமும் வந்தது. சிமெண்டுத் தரையில் கோலப்பொடியால் கிள்ளி வைத்த சின்னச் சின்னப் புள்ளிகளை, படத்தைச் சுருக்குகிற மென்பொருள் தரையிலிருக்கிற அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருந்தது. தடித்த கோடுகள் தப்பித்துவிட்டன. எந்த வளைவு எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்று கடவுள்தான் சொல்ல வேண்டும்.

புள்ளிக் கோலம் போட்டுப் பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் புள்ளிகளை வரிசை வரிசையாக வைக்க வேண்டும். பிறகுதான் அவற்றைச் சுற்றிக் கோடு. ஒரு புள்ளி பிசகினாலும் கோடு புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராது. அன்று காலை ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எத்தனையோ வாசல்களில் கோடுகள் போன இடம் தெரியாமல் அலைந்தன. பின்னூட்டங்களைப் படித்தேன். "நாலு தடவை அழித்துவிட்டேன்" என்று ஒருவர். "கோலம் சீக்கிரம் வந்துவிட்டது, நன்றி. புள்ளியைத் தனியாகப் பார்சலில் அனுப்புவீர்களா?" என்று இன்னொருவர்.

அலுவலகத்தில் அவசரக் கூட்டம். பழைய பெரிய படங்களையே திரும்பப் போட்டோம். நகல் எடுத்து வைத்திருந்த என்னைப் பாஸ் கட்டிப்பிடித்தார். மறுநாள் காலை, புள்ளிகள் எல்லாம் இருந்தன, ஆனால் சக்கரம் சுற்றிற்று. விடியலில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள் அல்லவா? திறக்கவில்லை என்று அதே பழைய புலம்பல். அதற்கு அடுத்த நாள் நடுத்தரமாக ஒரு அளவு பிடித்தோம். படம் கொஞ்சம் மெதுவாகவும் வந்தது, கொஞ்சம் மங்கலாகவும் இருந்தது. இரண்டு தரப்பு வாசகர்களையும் சரிசமமாகக் கோபப்படுத்தினோம்.

மேடம் போன் செய்வதை நிறுத்திவிட்டார். வாரம் முடிய வெகு நாள் இல்லை.

"பெரிய சர்வருக்கு மாத்திருவோம்ண்ணே. ரெண்டு நிமிச வேல," என்றார் பாஸ்.

"சர்வர மாத்து, ரோட்ட மாத்து, அந்தம்மாவ மாத்து," என்றாள் டெல்ஃபின். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னா அண்ணாத்தே, பேய் அடிச்சா மாறி குந்திகினு கீற? எங்கம்மா கிறிஸ்மசுக்கு ஸ்டார் கோலம் போடறதே வாசல் பெருக்கி முடிச்ச கையோடதான், வெளக்கு வெளிச்சத்துல. நாம இன்னாடான்னா ஏசில குந்திகினு ஸ்பீடு பாக்கறோம். உன் தெருவுல யாரும் கோலம் போடறதில்லியா? போய்ப் பாத்துட்டு வாயேன்."

அவள் என்னை வாயடைக்கத்தான் சொன்னாள். ஆனால் கவலைக்காரனிடம் இப்படி ஒரு வேலையைச் சொல்லக் கூடாது. செய்துவிடுவான்.

அப்போது எனக்கு வீடு கரையான்சாவடியில். மறுநாள் விடிந்தும் விடியாத பொழுதில் தலைக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு இறங்கினேன். மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்கள் போக ஆரம்பித்திருந்தன. நாலு வீடு தள்ளி, நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண்மணி தண்ணீர் தெளித்துப் பெருக்கி முடித்திருந்தார். இடது கையில் கோலப்பொடி டப்பா, வலது கை விரல்களில் மாவு. வாசற்படியில் அவர் கணவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தார். திரையில் எங்கள் வலைப்பூவின் மஞ்சள் தலைப்பு தெரிந்தது. நான் எதிரில் இருந்த மின்கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டேன்.

"இன்னாய்யா, வந்துச்சா?"

"சுத்திகினே கீதும்மே."

"சுத்துனா சுத்தட்டும். எத்தினி புள்ளின்னு மட்டும் சொல்லு. நான் வெச்சிகினு இருக்கேன், படம் அப்பால வரட்டும்."

"அது எங்க போட்ருக்கு?"

"கடசீல போட்ருக்கும். இயுத்துப் பாரு."

"கடசிக்கே போவ மாட்டேங்குது. நடுவுல இன்னாவோ கதை எயிதிகீறாங்க. ஆத்துல தண்ணி, படித்துறைன்னு..."

"கதைய அப்பால பட்ச்சிக்கலாம்யா! ஈரம் காஞ்சி போவுது பாரு!"

இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று ஓரடி முன்னால் வைத்ததுதான் தப்பு. கணவர் தலையைத் தூக்கினார்.

"யோவ் பெர்சு! யாருய்யா நீ? காலங்காத்தால பொம்பளைங்க கோலம் போடற எடத்துல இன்னா லுக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. வெப்சைட்டு ஸ்பீடு பாக்கறேன்."

"எத்த?"

"அந்தக் கோல வெப்சைட்டு. உங்க போன்ல சீக்கிரம் தொறக்குதா இல்லியான்னு..."

"என் போன்ல இன்னா தொறக்குதுன்னு நீ இன்னாத்துக்குப் பாக்கற?" போர்வை கீழே விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. கோலம் பார்த்த முதியவர் கைது என்று என் மனத்துக்குள் செய்தித்தாளே அச்சாகிவிட்டது. போட்டோவில் மஃப்ளரோடு இருப்பேனா, இல்லாமல் இருப்பேனா என்றுகூடக் கவலைப்பட்டேன்.

பெண்மணி இடையில் வந்தார். "இருய்யா. யோவ், நீயா அந்த வெப்சைட்டு வெச்சிகீறது?"

"வச்சிருக்கறது வேற ஒரு மேடம். நான் பாத்துக்கறது."

"அப்ப மொத நாளு புள்ளிய முயுங்குனது நீதானா?"

துடைப்பம் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் மஃப்ளரை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"அன்னிக்கி எங்க ஊட்டு வாசல்ல கோலம் வாயப் பொளந்துகினு இருந்துச்சு தெரியுமா? எதுத்த ஊட்டுக்காரி போட்டோ புட்ச்சி தெரு குரூப்புல போட்டுட்டா. கீய சிரிக்கிற பொம்மை வேற. இப்ப நின்னுகினு முழிக்கிற. எத்தினி புள்ளின்னாவது சொல்லு!"

என் போனில் அந்தப் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது. கவலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் திறந்தேன். கீழே, கீழே, தாமிரபரணியைத் தாண்டி, படித்துறையைத் தாண்டி, ஆற்று மீன் குழம்பைத் தாண்டி, கடைசி வரிக்குப் போனேன்.

"பதினஞ்சு புள்ளி, எட்டுல நிறுத்தணும். இடுக்குப் புள்ளி."

"அவ்ளோதான? இத்தச் சொல்ல ஒரு ஆளு கம்பத்தாண்ட ஒளிஞ்சிகினு நிக்கணுமா?"

குனிந்தார். புள்ளி வைக்க ஆரம்பித்தார். நடுவில் நீள வரிசை, அதன் புள்ளிகளின் இடுக்குக்கு நேராக மேலே ஒன்று குறைவாக அடுத்தது, கீழே ஒன்று குறைவாக அடுத்தது, எட்டில் வந்து நிற்கும் வரை. எனக்குத் தெரிந்த எந்த இயந்திரத்துக்கும் அந்த நிதானம் கிடையாது. நான் அவர் கணவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் சுற்றிற்று, சுற்றிற்று. படம் பாதி வந்து நின்றது. பிறகு முழுசும் வந்தது. நேற்று எவ்வளவு இழுத்ததோ அதே இழுவைதான். ஆனால் அந்தப் பெண்மணி ஒருமுறைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றி எழுந்து, "எங்க, காட்டு," என்றார். படம் காத்துக்கொண்டிருந்தது.

நான் அங்கிருந்து கிட்டத்தட்ட ஓடினேன். "கிராக்கு போல கீது," என்று கணவர் பின்னால் சொன்னது கேட்டது.

அலுவலகத்தில் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் படத்துக்காகக் காத்திருக்கவில்லை, புள்ளிக் கணக்குக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அது ஒரு வரி. ஒரு வரிக்குக் கனமே இல்லை, எந்தப் போனிலும் உடனே வந்து நிற்கும். அதை வாசித்துப் புள்ளி வைத்து முடிப்பதற்குள் எவ்வளவு பெரிய படமும் நடந்தே வந்து சேர்ந்துவிடும். புள்ளிக் கணக்கு மேலே, முழுக் கனமுள்ள படம் அதற்குக் கீழே, கட்டுரை கடைசியில்.

பாஸ் மேசையைத் தட்டினார். "அட, ஆமாண்ணே! ரெண்டு நிமிச வேல. மேடத்துட்ட அப்புறம் சொல்லிக்கிருவோம்."

முதல் தடவையாக அது உண்மையிலேயே இரண்டு நிமிட வேலை. அதுதான் சிக்கல். அந்தக் கட்டுரையை மேடம் கோலத்துக்கு முன்னால் வைத்திருந்தது தற்செயல் இல்லை. ஊர்க்கதையைப் படித்துவிட்டுத்தான் கோலத்துக்குப் போகட்டும் என்று வைத்தது.

"அந்தம்மாவக் கேக்காம அது எயுத்தக் கீய எறக்குனா, அது உன்ன மாடிலேர்ந்து கீய எறக்கும்," என்றாள் டெல்ஃபின், என்னைப் பார்த்து. பாஸைப் பார்த்துச் சொல்ல வேண்டியது, ஆனால் இறங்கப்போகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் பலர் இந்த இடத்தில் பொத்தானை அமுக்கியிருப்பீர்கள். நேரமில்லை, வாசகர்கள் திட்டுகிறார்கள், தீர்வு கையில் இருக்கிறது. அமுக்கியிருந்தால் தளம் வேகமாகியிருக்கும், உண்மைதான். மறுநாள் காலை தன் எழுத்து அடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு மேடம் அதை மூடியும் இருப்பார். ஆளில்லாத தளம் ரொம்ப வேகமாகத் திறக்கும்.

பஸ் பிடித்து வேலப்பன்சாவடி போனேன். நூலகத்தில் மாணவர்கள் படித்துக்கொண்டிருந்ததால் எங்கள் சண்டை முழுவதும் கிசுகிசுப்பிலேயே நடந்தது. கிசுகிசுப்பில் சண்டை போடுவது கஷ்டம். கோபத்தையெல்லாம் புருவத்திலேயே காட்ட வேண்டியிருந்தது.

"அப்ப நான் எழுதுதத யாரும் படிக்கலங்கீய."

"படிக்கிறாங்க மேடம்."

"எப்ப?"

எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வாய் வரை வந்தது. "வேலையெல்லாம் முடிஞ்சு, காபியோட உக்காரும்போதுன்னு நினைக்கிறேன்," என்றேன்.

"பாத்தீயளா?"

"பாக்கல. ஆனா கை நிறைய கோலப்பொடிய வச்சுக்கிட்டு யாராலயும் தாமிரபரணிய நெனச்சுக் கண் கலங்க முடியாது மேடம். அதுக்குக் காபி வேணும்."

ஒரு மாணவன் புத்தகத்தை நீட்டினான். மேடம் முத்திரையை ஓங்கிக் குத்தினார். அந்தப் புத்தகத்தின் இடத்தில் என் தலை இருந்திருக்கும் என்று தோன்றியது. அவன் போனதும் மெதுவாகக் கேட்டார்.

"கலங்குதாவளா?"

"யாரு?"

"படிக்கவிய."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குப் பொய் சொல்ல வராது என்று நினைத்துவிடாதீர்கள், நன்றாகவே வரும். சொல்லிவிட்டு வருடக்கணக்காகக் கவலைப்பட வேண்டுமே என்ற பயம்தான். "தெரியல மேடம்," என்றேன். "ஈரம் காயுறதுக்கு முன்னாடி யாரும் கலங்கல. அது மட்டும் என் கண்ணால பாத்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குத்தான் நான் சொன்ன கடேசி நாளு," என்றார். "மாத்திப் பாருங்க. கீழ போட்ட பெறவு ஒருத்தரும் படிக்கலன்னா அதும் தெரிஞ்சு போவும்லா. ரெண்டையும் சேத்து மூடிருதேன்."

வரும்போது ஒரு கவலையோடு வந்தேன், போகும்போது இரண்டாக்கிக்கொண்டு போனேன்.

சாயங்காலமே மாற்றினோம். கருவியில் போட்டுப் பார்த்த பாஸ் தலையில் கை வைத்தார். கனமான படத்தைத் திரும்பப் போட்டதால் பச்சை போய்விட்டது. "இத வச்சு எப்படிண்ணே நாம கொண்டாடுறது?" என்றார். சமோசா இல்லாமலே கலைந்தோம்.

மறுநாள் நான்தான் முதல் ஆளாக அலுவலகத்தில் இருந்தேன். பாஸும் சீக்கிரமே வந்துவிட்டார். பின்னூட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. "இன்றுதான் டக்கென்று வந்தது." "அப்பாடா, ஒருவழியாக வேகமாகிவிட்டது." "போட்டுவிட்டேன் அக்கா." பாஸ் தளத்தின் உள்ளே போய்க் கணக்கெடுத்துப் பார்த்தார். படம் வந்துசேர எடுத்த நேரம் முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எவ்ளோண்ணே ஸ்பீடக் கூட்டுனீங்க?"

"கூட்டல பாஸ்."

"அப்புறம் எப்படி வேகமாயிருச்சுங்கிறாய்ங்க?"

"அவங்களுக்கு வேலை கொடுத்துட்டோம்."

டெல்ஃபின் வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, "வேல குட்தா வெய்ட் பண்ணுவாங்களா? அப்ப என் சம்பளத்தையும் இப்டித்தான் இயுக்கப்போறீங்களா பாஸ்?" என்றாள். பாஸ் அவசரமாகப் போன் பேசப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கோலத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேடத்திடமிருந்தும் போன் இல்லை. காபி நேரம் போயிற்று. நான் போனை எடுத்து, சத்தம் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தேன். டெல்ஃபின் வந்து அதைப் பிடுங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். அங்கேதான் அது அடித்தது.

"சேகர்." குரலில் கோபம். இந்தத் தடவை நிஜக் கோபம். "என் கட்டுரைல தப்பாம்."

"மேடம்?"

"ஒரு அம்மா எழுதிருக்கா. ஆவடில இருக்காளாம், பொறந்தது எங்கூருப் பக்கமாம். அந்தப் படித்துறைக்கு அந்தப் பேரே கெடையாதுங்கா. அவளுக்குப் பதில் சொல்ல இன்னொருத்தி வந்தா, மீன் கொழம்புல நான் போட்ட புளி தப்புங்கா. மூணாவது ஆளு ரெண்டு பேரையும் திட்டிட்டு, இந்த அக்கா எழுதுதது எங்கம்மா பேசுத மாதிரியே இருக்கு, சும்மா கெடங்க ரெண்டு பேரும்ங்கா. காலைலருந்து அங்க ஒரே சண்ட."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் பயம். கடைசியில் கேட்டுவிட்டேன். "மேடம், அந்த மூடுறது பத்தி..."

"எத மூடுதது? படித்துறப் பேரு தப்புன்னு ஒருத்தி சொல்லிட்டு நிக்கா. நான் கதவ மூடிட்டு உள்ள போவவா? வைங்க போன."

வைப்பதற்குள் அவரே வைத்துவிட்டார். வலைப்பூவைத் திறந்து பார்த்தேன். சண்டை நடக்கிற இடத்தில், வசந்தா பதில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று மூன்று புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன.